துடைப்பக் கம்பின் இடைவெளி

பின்பனி மெல்ல மெல்ல விடைபெறும் காலம் அது. விடியலில் கூரை விளிம்புகளில் தங்கிய துளிகள், விழலாமா வேண்டாமா என்று எண்ணுவன போல நெடுநேரம் நடுங்கி நின்று, பிறகு ஓசையின்றி மண்ணில் இறங்கின. இலையுதிர்த்த கிளைகளின் கணுக்களில் தளிரின் செம்மை தோன்றியும் தோன்றாமலும் இருந்தது. தொற்றுநோய் வந்து போன ஆண்டுகளை அந்த ஊரும் இப்படித்தான் கழித்திருந்தது: மூச்சை அடக்கியபடி, அடைத்த கதவுக்குப் பின்னால். இப்போது கதவுகள் திறந்துவிட்டன. ஆனாலும் ஒருவர் அருகில் ஒருவர் நிற்க மனிதர்கள் இன்னும் கூசினார்கள். இளவேனில் வாசல்வரை வந்துவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்கி நிற்பதுபோல் இருந்தது.

அந்த இளவேனிலுக்கு இருக்கை போடும் பொறுப்பு நாற்காலியக்காவின் தலையில் விழுந்தது.

பெற்றோர் வைத்த பெயர் அவளுக்கு ஒன்று உண்டு. ஆனால் கல்யாணமோ துக்கமோ பொதுக்கூட்டமோ, எதற்கும் வாடகைக்கு நாற்காலி அனுப்புகிறவள் என்பதால் ஊர் அவளை அப்படியே அழைத்துப் பழகிவிட்டது. நாலு பேர் கூடுவதே குற்றம் என்றான நாளில் அவளுடைய தொழிலும் படுத்துவிட்டது. கொட்டகையில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரையைத் தொட்டுக்கொண்டு தூங்கின. அடுக்கின் பாரத்தில் பலவற்றின் கால்கள் ஒடிந்தன. சுமைவண்டி இருமி இருமி ஓடியது. பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் ஆலைக்காரர் இருமுறை வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. காலையில லாரி வந்துடும்" என்று சொல்லியிருந்தார்.

அதே நாளில்தான் மீட்பு நிதி அதிகாரியும் வருவதாக இருந்தது. நோயால் நலிந்த சிற்றூர்த் தொழில்களையும் பொது இடங்களையும் நிமிர்த்த அரசு ஒதுக்கிய நிதி அது. ஊராரின் கருத்தைக் கேட்கப் பொது மண்டபத்தில் கூட்டம். நாற்காலியக்காவும் உதவி கேட்டிருந்தாள். "கூட்டத்துக்கு நாற்காலி போடறது நீங்கதானே? அங்கேயே உங்க வேலையைப் பாத்துக்கறேன்" என்று அதிகாரி தொலைபேசியில் சொல்லிவிட்டார். நிதி வந்தால் வண்டி ஓடும், புது நாற்காலி வரும். வராவிட்டால் நாளைக் காலை அத்தனையும் உலைக்குப் போகும்.

காலையிலேயே அவளும் நாத்தனாரும் மண்டபத்தைத் திறந்தார்கள்.

"அண்ணி, கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க. வர்றது அதிகாரி. எமன் இல்ல."

"நீ வாயை மூடிட்டுக் கூட்டு."

"கூட்டறது கை. வாய் சும்மாதானே இருக்கு?"

கூட்டி முடித்ததும் வேலை தொடங்கியது. நாத்தனார் துடைப்பக் கம்பைத் தரையில் கிடத்துவாள். அண்ணி அதன் முனையில் நாற்காலியை வைப்பாள். கம்பு எழும், மறுபடி கிடக்கும், அடுத்த நாற்காலி அமரும். சீர் பிறழாத செய்யுள்போல வரிசை வளர்ந்தது. கைகளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

வண்டியை ஓட்டிவந்த கணவர் உள்ளே எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, பாதிக்கு மேல இன்னும் வண்டியிலேயே இருக்கே?"

"மண்டபம் நிறைஞ்சு போச்சுங்க. என்னமோ சின்னதாயிட்ட மாதிரி இருக்கு."

"மண்டபம் எப்படிம்மா சின்னதாகும்? தோய்ச்சுக் காயப்போட்டாங்களா?"

"போய் வண்டியை ஓரமா நிறுத்துங்க. அதிகாரி வர்ற நேரம்."

இத்தனை ஆண்டுத் தொழிலில் அவள் கணக்கு பிசகியதில்லை. ஆகவே அவர் வண்டியை நகர்த்தப் போய்விட்டார்.

ஊர் திரண்டு வந்தது. உட்கார்ந்தவர்கள் போக, உட்கார இடமில்லாதவர்கள் சுவரோரம் சாய்ந்தார்கள். வாசலிலும் படிகளிலும் நின்றார்கள். நாற்காலியக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. நடு வரிசையில் அமர்ந்திருந்த டீக்கடைக்காரர் இடமும் வலமும் கையை நீட்டிப் பார்த்தார். யாரும் எட்டவில்லை.

"ஏன் அக்கா, எங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா? ஆளுக்கொரு தீவு குடுத்து உக்கார வெச்சிருக்கீங்க! பக்கத்து ஆளை வம்புக்கு இழுக்கணும்னாக்கூட போன்தான் போடணும் போல."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நாற்காலியக்கா நாத்தனாரின் கையிலிருந்த கம்பைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நோய்க்காலம் முழுவதும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வேலை தடுப்பூசி முகாம்தான். நர்ஸ் சொன்ன இடைவெளிக்குத் துடைப்பக் கம்பையே அளவாக வைத்துக்கொண்டு, முகாம் முகாமாக நாற்காலி போட்டார்கள். முகாம் முடிந்தது, நோய் தணிந்தது, கைகளுக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை!

நாற்காலி போடத் தெரியாதவளுக்கு எந்த அரசு நாற்காலி வாங்கிக் கொடுக்கும்?

"தப்பு என்னோடதுங்க," என்றாள். "ஊசி போட்ட நாள்ல பழகின கை. அதிகாரி வர்றதுக்குள்ள கொஞ்சம் எழுந்திரிச்சு வெளிய நின்னீங்கன்னா, எல்லாத்தையும் மாத்திப் போட்டுடறேன்."

"எழுந்திரிக்கறதா? இப்பதான் உக்காந்தேன்!" என்ற டீக்கடைக்காரர், அமர்ந்த வாக்கிலேயே நாற்காலியைப் பற்றிக்கொண்டு தவளைபோல் தத்தி, பக்கத்துத் தையற்காரரின் தோளில் போய் இடித்தார். "நகருங்கப்பா! தீவெல்லாம் ஒண்ணு சேரட்டும்!"

அவ்வளவுதான். வரிசை வரிசையாக ஊரே தத்தியது. நாற்காலிக் கால்கள் தரையில் உராய்ந்த ஓசை, கோடை முடிவில் முதல் மேகம் உறுமுவதுபோல் மண்டபத்தை நிறைத்தது. பிறந்த இடைவெளியில் வண்டியிலிருந்த நாற்காலிகள் கைமாறிக் கைமாறித் தலைகளுக்கு மேலாக மிதந்து வந்தன. தோள் தோளைத் தொட்டது. யாரும் கூசவில்லை, கூச நேரமும் இருக்கவில்லை.

வாசலருகில் துணிப்பையோடு நின்ற ஓர் அம்மாளின் கையில் நாத்தனார் இரண்டு நாற்காலிகளைத் திணித்தாள். "சும்மா நிக்காதீங்கம்மா, உள்ள தள்ளுங்க. ஆங், அப்படித்தான். நல்லா வேலை செய்றீங்களே, எங்ககிட்டயே சேந்துடுங்களேன்!"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் அந்த அம்மாள், மூச்சு வாங்க.

கடைசி நாற்காலியும் உள்ளே போய்விட்டது. எல்லோரும் அமர்ந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் நடந்துபோய் மேடையருகில் நின்று, பையை மேசைமேல் வைத்தார்.

"வணக்கம். நிதித் திட்டத்துலேருந்து வந்திருக்கேன். நான்தான் அந்த அதிகாரி."

நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டு அண்ணியின் முதுகுக்குப் பின்னால் மறைந்தாள்.

"எனக்கு ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்றார் அதிகாரி.

நாற்காலியக்கா மண்டபத்தைச் சுற்றிலும் பார்த்தாள். "இல்லீங்கம்மா. ஒடிஞ்சது போக மிச்சம் இவ்வளவுதான். எல்லாத்துலயும் ஆள் இருக்காங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது.

"ஊரே முடங்கிக் கிடந்துச்சே, புது நாற்காலி எதுக்குன்னு உங்களைக் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே வந்தேன். இனிமே கேக்கமாட்டேன். என் காலே சொல்லுது." கூட்டம் சிரித்து ஓயும்வரை காத்திருந்து, தொடர்ந்தார்: "முடிவு சொல்ற பொறுப்பு என்னோடதுதான். உங்களுக்கு உதவி உண்டும்மா. வண்டிக்கும் சேத்து."

கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அதிகாரிக்கு இடம் கொடுக்க ஒரே சமயத்தில் பலர் எழுந்தார்கள். டீக்கடைக்காரர் முந்திக்கொண்டு தம் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, தையற்காரரின் நாற்காலியில் பாதியைப் பறித்துக்கொண்டார். "தீவுல தனியா இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்," என்றார். "முள்ளங்கியா நீ? நெட்டுக்குத்தா உக்காராம நகருய்யா!"

நாற்காலியக்காவின் கண்கள் நிறைந்து, எதிரே இருந்த முகங்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன.

வாசலில் கணவர் ஆலைக்காரரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசிக்கொண்டிருந்தார். "லாரி வேணாங்க… இல்லீங்க, விலையெல்லாம் நியாயமாத்தான் சொன்னீங்க… உக்கார ஆள் வந்துட்டாங்க."

கூட்டம் கலைந்தபின், அந்தி வெயில் சன்னல்வழி சாய்ந்து வந்து தரையில் படுத்தது. நாற்காலியக்கா ஒவ்வொரு நாற்காலியையும் துடைத்து அடுக்கினாள். கடைசியில் அந்தத் துடைப்பக் கம்பைக் கையில் எடுத்தாள். நாத்தனார் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அண்ணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாற்காலியக்கா ஈரத்துணியால் கம்பை அடிமுதல் நுனிவரை துடைத்தாள். எத்தனையோ உயிர்கள் அந்த ஒரு கம்பின் நீளத்தில் தங்கிப் பிழைத்திருந்தன. அதைச் சுவர் மூலையில் நிமிர்த்தி வைத்து, எதிரே நின்று, கண்மூடிக் கைகூப்பினாள். உதடுகள் அசைந்தன, ஒலி எழவில்லை. பக்கத்தில் நாத்தனாரும் மெல்லக் கைகூப்பினாள்.

அருகிருந்தோர் அகலாதிருக்க, நின்றோர்க்கெல்லாம் இருக்கை வாய்க்க, ஊர் கூடும் அவைகள் என்றும் நிறைக.