இலைக்கு வருத்தம்

1

இந்தக் கதை பயத்திலிருந்து பிறந்தது. கற்பனையிலிருந்து அல்ல, அந்தப் பெருமையெல்லாம் எனக்கு வேண்டாம். இத்தாலியின் பலேர்மோவில் ஒலிவ மரத்து இலைகளின் நோய்களை ஆராய்வது என் பிழைப்பு. கதை எழுதுவது என் கெட்ட பழக்கம். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன வினை வரும் என்று இப்போது பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

முதல் வரிக்கு மூன்று முறை முயன்றேன்.

‘கால்சாவில், துறைமுகத்தைப் பார்த்த பழைய மாளிகை ஒன்றின் மூன்றாவது மாடியில்…’ (வேண்டாம். வீட்டைக் காட்டிக்கொடுக்கிறது.)

‘அமலினி என்ற பெண்…’ (அவர் பெயர் அமலினி இல்லை. ஆனாலும் இந்த ஊரில் தமிழர் எத்தனை பேர்? இலங்கை வன்னியிலிருந்து வந்து ஒரு வயதான இத்தாலிய அம்மாளை, ஒரு சிஞ்ஞோராவை, பராமரிக்கிறவர் என்று எழுதினாலே நாலு பேர் விரல் நீட்டிவிடுவார்கள்.)

‘ஒரு கூடாரத்துக்குள் நான்கு கஞ்சாச் செடிகள் செத்துக்கொண்டிருந்தன.’

சரி, இது இருக்கட்டும். எப்படியும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

2

அமலினி அக்காவை (பெயர் இதுவே நிற்கட்டும், வேறு வாய்க்கவில்லை) ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துப் பக்கம் கோபாலசிங்கத்தின் பலசரக்குக் கடையில் சந்தித்தேன். நான் தமிழ்நாட்டுக்காரன். கடைக்காரர் என்னை “இலை டாக்குத்தர்” என்று கேலியாக அறிமுகப்படுத்தினார். அக்கா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

“தம்பி, இலைக்கு வருத்தம் எண்டால் நீங்கள் பாப்பீங்களோ?”

எங்கள் பக்கம் வருத்தம் என்றால் மனக்கவலை. அவர்கள் பக்கம் அது நோய் என்று அப்போது எனக்குத் தெரியாது. இலைக்கு என்ன கவலை, வீட்டுக் கடனா என்று கேட்டுச் சிரித்தேன். அவர் என்னைக் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய், முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்று, தொலைபேசியைத் திறந்தார். மஞ்சள் பாய்ந்த இலை. ஏழு விரல், ஒவ்வொன்றின் ஓரத்திலும் ரம்பப் பல்.

“அக்கா, இது என்ன செடின்னு தெரியுமா?”

“தெரியும். பேரைச் சொல்லிப்போடாதீங்கோ.”

[இந்த இடத்தில் நான் ஓடியிருக்க வேண்டும். வாசகருக்கு ஒரு கதை வேண்டுமே என்று நின்றதாகச் சொன்னால் நம்பாதீர்கள். அந்த மஞ்சள் ஏன் கீழ் இலையில் மட்டும் தொடங்கியிருக்கிறது என்று ஆர்வம் வந்துவிட்டது. அவ்வளவுதான்.]

“சிஞ்ஞோராவுக்கு மூட்டு நோ. மகன் மிலானோவிலை. அவர்தான் பின்னறையிலை கூடாரம் அடிச்சு, லைற் போட்டு அதுகளை வைச்சவர். அம்மாவின்ர நோவுக்காம். தண்ணி விடுறது என்ர வேலை. அதுகள் செத்தால் என்னை நிப்பாட்டிப்போடுவார்.”

“போலீஸ் வந்தா?”

“பெர்மெஸ்ஸோ போயிடும், இங்கை இருக்கிற அனுமதி. நிப்பாட்டினாலும் போயிடும் தம்பி. அந்த வீட்டு விலாசத்திலைதான் நான் பதிஞ்சிருக்கிறன். அடுத்த மாதம் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்திலை புதுப்பிக்கோணும். வேலையுமில்லை, விலாசமுமில்லை எண்டு அங்கை போய் நிக்க ஏலுமோ?”

ஆக, செடி செத்தாலும் அவருக்கு ஆபத்து, பிழைத்தாலும் ஆபத்து. இந்த வாக்கியத்தை எழுதும்போது பயம் வருகிறது. அழகான வாக்கியம் என்று ஒரு மூலையில் சந்தோஷமும் வருகிறது. சீ.

3

இனிக் கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலை மஞ்சளாவது நோயின் பெயர் அல்ல, முறையீடு. கீழ் இலை மஞ்சளித்தால் பசியாக இருக்கலாம். வேர் தண்ணீரில் மூச்சுத் திணறுவதாகவும் இருக்கலாம். நுனி கருகினால் உரம் கூடிவிட்டது. இலையின் மேற்புறத்தில் ஊசி குத்திய மாதிரி வெள்ளைப் புள்ளி இருந்தால், இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடியில் சிலந்திப்பேன் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும். முக்கியமான விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது காப்பாற்றியது, எது கொன்றது என்று தெரியாது.

பயந்தவர்களால் இந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது. அக்கா காலையில் தண்ணீர் விட்டார், மாலையிலும் விட்டார், மஞ்சளைப் பார்த்து உரத்தை இரட்டிப்பாக்கினார், பிறகு மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்.

“ஃபேனை ஏன் நிறுத்தினீங்க?”

“சத்தம் கேக்குது தம்பி. கீழ்வீட்டுக்காரி படியிலை நிண்டு மேலை மேலை பாக்கிறா.”

சிரோக்கோ என்கிற அனல்காற்று அடிக்கிற வாரம். மூடிய கூடாரத்துக்குள் காற்று நின்று வெக்கை ஏறினால் சிலந்திப்பேனுக்குக் கொண்டாட்டம். நான்கு செடியையும் பிடித்திருந்த நோய்க்குக் காரணம் பயம். இதை எந்த ஆய்விதழ் பிரசுரிக்கும்?

தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் தண்ணீர் விடாதீர்கள் என்றேன். இலையின் அடியைச் சோப்புத் தண்ணீரால் துடைக்கச் சொன்னேன். விசிறியை ஓட விடச் சொன்னேன். அந்தச் சத்தத்தை மறைக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவைத்தாராம். மூன்று தேறிவிட்டன. நான்காவது மட்டும் தலை தொங்கியபடியே நின்றது. தொட்டியைக் கவிழ்க்கச் சொன்னேன். வேர் பழுப்பாகி நாறியது. அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் வைக்கச் சொன்னேன்.

“தப்புமோ?”

“புது வேர் விட்டா தப்பும். பார்ப்போம்.”

(கவனித்தீர்களா? கடை வாசலில் நான் கேட்ட அந்த முதல் கேள்விக்குப் பிறகு, இத்தனை நாள் பேச்சிலும் செடி என்ற சொல்லை நாங்கள் இருவருமே எடுக்கவில்லை. அவர் ‘அதுகள்’ என்பார், நான் ‘அது’ என்பேன். யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்றே இருவருக்கும் நினைப்பு.)

4

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தில் இருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி வந்தது.

‘தம்பி கண்டு பிடிச்சிட்டுது’

முற்றுப்புள்ளிகூட இல்லை. யார் கண்டுபிடித்தது, எப்படி என்று யோசிக்கிற நிதானமெல்லாம் எனக்கு ஏது? கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு பதில் எழுதினேன்: ‘எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுடுங்க. என் பேரைச் சொல்லிடாதீங்க.’ பிறகு படங்களை அழித்தேன், உரையாடலை அழித்தேன், தொலைபேசியை அணைத்தேன்.

[இங்கே ஒரு பத்தி இருந்தது. அதில் நான் கால்சாவுக்கு மூச்சிரைக்க ஓடுகிறேன், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு… நன்றாகத்தான் வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.]

5

வியாழக்கிழமை தொலைபேசியை உயிர்ப்பித்தேன். உடனே மணி அடித்தது.

“தம்பி, உங்களைப் பிடிச்சிட்டினமோ?”

“என்னையா? உங்களைத்தானே கண்டுபிடிச்சிட்டாங்க?”

“என்னை ஆர் கண்டுபிடிச்சது?”

“நீங்கதானே எழுதினீங்க!”

“ஐயோ என்ர கடவுளே. கண்டு தம்பி, கண்டு! மாத்தி வைச்ச கண்டு பிடிச்சிட்டுது. வேர் விட்டிட்டுது எண்டு சந்தோசத்திலை எழுதினனான்.”*

*நாங்கள் கன்று என்பதை அவர்கள் கண்டு என்பார்கள். அது மண்ணில் நிலைத்தால், பிடித்துவிட்டது. எல்லாம் சரியான தமிழ். முதல்முறையாகப் பயம் விலகி அதை அதன் பெயரால் அழைத்திருக்கிறார். அந்த ஒரு முறையை நான் இப்படி வாசித்தேன்.

“நீங்கள் பிடுங்கச் சொன்னீங்கள். பொலிஸ் வருது எண்டு உங்களுக்கு எங்கையோ தெரிஞ்சிருக்கு எண்டு நினைச்சன். நாலையும் வெட்டி, சிஞ்ஞோராவின்ர பம்பர்சோடை சுத்தி எறிஞ்சிட்டன். அதை ஒருத்தரும் திறந்து பாக்க மாட்டினம்.”

“நல்லதுதானேக்கா. இனிப் போலீஸ் பயமில்லை.”

“சனிக்கிழமை மகன் வாறார் தம்பி.”

6

அவர் என்னிடம் கேட்டது ஒரு பொய். இலை ஆராய்ச்சி, கதை என்று இரண்டு வகையிலும் நான் தகுதியான ஆள்.

“நாலும் ஒரேயடியாப் போற மாதிரி ஒரு வருத்தத்தின்ர பேர் சொல்லுங்கோ.”

முயன்றேன். வேரழுகல்: தண்டு நிற்கும். சாம்பல் பூசணம்: இலை கிடக்கும். சிலந்திப்பேன்: வலையாவது மிஞ்சும். செடியையும் தூக்கிக்கொண்டு போகிற நோயை இயற்கை இன்னும் படைக்கவில்லை. நான் படைத்தாலும் செல்லாது, ஏனென்றால் அக்கா என்னைவிட நல்ல வாசகி.

“செத்ததெல்லாம் எங்கை எண்டு கேப்பார். நான் வித்துப்போட்டன் எண்டுதான் நினைப்பார்.”

பிறகு குரலைத் தணித்துச் சொன்னார். “நீங்கள் வந்து சொல்லுங்கோவன் தம்பி. வருத்தம் முத்திப்போச்சு, நான்தான் பிடுங்கச் சொன்னனான் எண்டு. உங்களிட்டைப் பல்கலைக்கழக அட்டை இருக்கு. நீங்கள் சொன்னால் நம்புவார்.”

அது பொய்கூட இல்லை. பாதிக்கு மேல் உண்மை. ஆனால் கூடாரம் போட்டுக் கஞ்சா வளர்க்கிற, முன்பின் தெரியாத ஒரு மனிதனின் கையில் என் பெயரையும் அட்டையையும் கொடுக்க வேண்டும். எனக்கும் ஒரு பெர்மெஸ்ஸோ இருக்கிறது.

“யோசிச்சுச் சொல்றேன்க்கா.”

எங்கள் ஊரில் இதற்கு ‘மாட்டேன்’ என்று பொருள். அவர் ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது. மறுபடி கேட்கவில்லை.

7

முடிவுகள்.

(அ) நான் போகிறேன். மகன் அட்டையை வாங்கிப் பார்க்கிறான், தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறான், சிரிக்கிறான். அக்காவுக்கு வேலை நிலைக்கிறது. அந்தப் படம் அவனிடம் இருக்கிறது. நான் இனி எப்போதும்

(ஆ) நான் போகவில்லை. அக்கா ஒரு பையோடு படியிறங்குகிறார். அடுத்த மாதம் குவெஸ்தூரா வாசலில் வரிசை. “விலாசம்?” என்று கேட்கிறார்கள். அவர்

(இ) மகனுக்கு ரயில் தவறிவிடுகிறது. (கோழையின் முடிவு. மிலானோவிலிருந்து விமானமும் இருக்கிறது.)

இன்றைக்குச் சனிக்கிழமை. மத்தியானம். மேலே உள்ளவற்றை எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு குரல்செய்தி வந்தது. பின்னால் சிஞ்ஞோரா எதற்கோ கத்துகிறாள். அக்கா அவசரமில்லாமல் பேசுகிறார்.

“தம்பி, மகன் வந்திட்டார் போலை. கீழ்க்கதவு திறக்கிற சத்தம் கேக்குது. சரி, அப்ப நான் வாறன்.”

வாறன். பேச்சை முடிக்கும்போது எல்லாரும் சொல்கிற சொல். போய்வருகிறேன் என்பதுதான். ஆனால் என் அறை அவருக்குத் தெரியும். ஒருமுறை இடியப்பம் கொண்டுவந்து தந்திருக்கிறார். பையோடு இங்கே வருகிறாரா? மகனையும் கூட்டிக்கொண்டா? அல்லது வெறுமனே விடைபெற்றாரா, என்னிடமும் சேர்த்து? திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். இந்தக் காதை நான் இனி நம்புவதாக இல்லை. நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

கால்சாவுக்கு இங்கிருந்து நடந்தே போகலாம். சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் போக வேண்டியதில்லை, கதவைத் திறக்க வேண்டியதுமில்லை. கட்டுரை, அடிக்குறிப்பு, மூன்று முடிவு என்று இது இவ்வளவு நீண்டதற்கு அதுதான் காரணம், இலக்கியம் அல்ல. இப்போது நிறுத்துகிறேன். நிறுத்தியபின் என்ன செய்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது அக்காவின் பெயரை மாற்றிவிடுங்கள். என் பெயரை