மலர்விழிக்கு வந்த நல்ல செய்தி

டாக்டர் ஆட்ரி சிரித்துக்கொண்டே நல்ல செய்தி சொன்னார். கேட்ட மலர்விழி மகன் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

“உங்க அண்ணனுக்கு இருந்த மரபணு மாற்றம் உங்களுக்கு இல்ல ஆன்டி. உங்களுக்கே இல்லாதப்ப மகனுக்கு உங்க வழியா வராது. நிம்மதியா போங்க லா.”

பக்கத்தில் இருந்த முகுந்தன் அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினான்.

அண்ணன் வாசு போன மாதம்தான் போய்ச் சேர்ந்தார். கிள்ளான் பக்கத்து மேருவில் லோரி ஓட்டியவர். தொடையில் கட்டி புறப்பட்டபோது சதைப்பிடிப்பு என்று எண்ணெய் போட்டுத் தேய்த்தே காலத்தை ஓட்டினார். பிடிவாதத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று நுரையீரல் வரை பரவியிருந்தது. பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே இடத்தில் கட்டிதான். அவர் அறுவை முடிந்து வீட்டுக்கு நடந்தே போனார். பெயர் ஒன்றானாலும் அவரவர் மரபணுவைப் பொறுத்து நோயின் போக்கு மாறும் என்று டாக்டர் விளக்கினார். வாசுவுக்கு இருந்தது பிறவியிலேயே வந்த மாற்றம். பெற்ற பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதி வரலாம். பரிசோதனை முடிவு வந்தபோது அதைக் கேட்க வாசு இல்லை.

“மாமாவுக்குத்தான் பிள்ளைங்களே இல்லியே,” என்று முகுந்தன் டாக்டரிடம் சொன்னான். அதனால் கூடப் பிறந்த மலர்விழிக்கு ரத்தம் எடுத்தார்கள்.

உண்மையில் முகுந்தன் வாசு பெற்ற பிள்ளை; அது அவனுக்குத் தெரியாது. பிரசவத்தில் மனைவி போனதும், குழந்தையில்லாத தங்கையின் மடியில் அவனைக் கிடத்திவிட்டு, “இவன் உன் பிள்ள. இனிமே என் வாயில அந்தப் பேச்சே வராது,” என்றார் வாசு. பிறப்பையே மலர்விழி பெயரில்தான் பதிந்தார்கள். சொந்தத்துக்குள் நடந்த காரியம், யார் கேட்கப்போகிறார்கள்? தெரிந்த பெரியவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். கடைசி நாட்களில் முகுந்தன் கஞ்சி ஊட்டியபோதுகூட, “போதும் மருமவனே,” என்றுதான் சொன்னார் அந்த மனிதர். சொன்ன சொல்லை அப்படிக் காப்பாற்றினார்.

பிள்ளையில்லாதவர் என்று பங்காளி மகன் நாகையாதான் தலையை மழித்துக் கொள்ளி வைத்தான். முகுந்தன் கூட்டத்தோடு கூட்டமாகத் தள்ளி நின்றான். மலர்விழிக்கு நெஞ்சு வெடித்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

“பிரிக்பீல்ட்ஸ்ல வாழையில சாப்பாடு சாப்பிட்டுப் போவோம் மா. அதான் ஒன்னுமில்லன்னு சொல்லிட்டாங்களே,” என்று முகுந்தன் கடைக்கு அழைத்துப் போனான். பசியோடு பிசைந்து அள்ளினான். அவன் தொடையிலும் ஒருநாள் கட்டி வரலாம். சொன்னால் பிள்ளை கையை விட்டுப் போய்விடுவான். சொல்லாவிட்டால், ஒன்றுமில்லை என்று நம்பிக்கொண்டே வாசு போன இடத்துக்குப் போய்விடுவான்.

“ஏன் மா சாப்பிடல?”

“எனக்குத்தான் இல்லப்பா. உனக்கு இருக்கலாம்.”

“உனக்கு இல்லன்னா எனக்கு எப்படி மா வரும்?”

“நான் உன்ன பெறலடா முகுந்தா. வாசு மாமாதான் உன்னைப் பெத்த அப்பா. நீ டெஸ்ட் எடுத்தாகணும். முன்கூட்டியே தெரிஞ்சா வருஷா வருஷம் ஸ்கேன் பண்ணிப் பாத்துக்கலாம்னு அந்த டாக்டர் பொண்ணு சொல்லுச்சு. வாசுவுக்கு வந்த கதி உனக்கு வரக்கூடாது.”

அவன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. இலையை மூடிவிட்டு எழுந்து, கிள்ளானுக்குக் காரை ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டான்.

“அப்ப கொள்ளி நான்தானே மா வெச்சிருக்கணும்?”

அவள் இறங்கியதும் கார் போய்விட்டது. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தாள். அழுது அழுது முகமெல்லாம் வீங்கிப்போனது.

மறுநாள் காலையில் வாசல் கேட்டில் கார் வந்து நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தாள். முகுந்தன் தலையை முழுக்க மழித்திருந்தான். மீசையும் இல்லை. பிளேடு பட்ட இடத்தில் ரத்தம் காய்ந்திருந்தது.

“டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்,” என்றான். “கிளம்பு மா. தனியா போக பயமா இருக்கு.”