அம்மனை அடையாளம் காட்டியவன்

யோகலிங்கம் லண்டன் டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவன். 1998 மாசி மாதத்தில் ஒருநாள், கடைக் கதவில் புதிதாக ஒட்டியிருந்த அறிவித்தலைப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவனுடைய ஊர், ஆலங்குழியின் புவனேஸ்வரி அம்மன் படம். அம்மன் லண்டனுக்கு வந்துவிட்டாளாம், ஏலத்தில் விற்கப்போகிறார்களாம், அவளுடைய திருமேனியைப் பற்றி விபரம் தெரிந்தவர்கள் ஆலங்குழி மக்கள் ஒன்றியத்தோடு உடன் தொடர்புகொள்ளட்டாம்.

அறிவித்தலைத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தான். வாசிக்காமல் என்ன செய்வான்? அம்மனைக் கோயிலிலிருந்து தூக்கிக்கொண்டுபோய் ஆமி லொறியில் ஏற்றியவனே அவன்தானே.

நடந்தது இதுதான். இரண்டு வருடங்களுக்கு முன்னர் இலங்கை இராணுவம் ஊரைப் பிடித்தபோது ஊரே எழும்பி ஓடியது. ஐயர் ஓடினார், தர்மகர்த்தா ஓடினார். நடக்க முடியாத தாயோடு யோகலிங்கம் மட்டும் மிஞ்சினான். இராணுவம் கோயிலை முகாமாக்கி, அவனைத் துவக்குமுனையில் கூட்டிப்போய், அம்மனைத் தூக்கச் சொன்னது. களவு என்று சொல்லிவிடாதீர்கள், பாதுகாப்பு. முகாமில் பாதுகாத்தார்கள். பிறகு கொழும்பில் யாரோ ஒரு பெரிய மனிதர் பாதுகாத்தார். அவரிடமிருந்து வாங்கிச் சிங்கப்பூரில் ஒருவர் பாதுகாத்தார். இப்போது லண்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வெள்ளைக்காரர் பாதுகாக்கிறார்கள். அத்தனை பாதுகாப்பு அவளுக்கு ஊரில் ஒருநாளும் கிடைத்ததில்லை.

"உன்ர கையாலை தூக்கிக் குடுத்திட்டியேடா" என்று சொல்லிச் சொல்லியே யோகலிங்கத்தின் தாய் கண்ணை மூடினாள். அந்தச் சொல் அவனோடு விமானமேறி டூட்டிங்வரை வந்திருந்தது. அதே கையால் அம்மனைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு நிம்மதியாக மீன் வெட்டலாம் என்று அவன் நினைத்தான். அன்றைக்கே ஒன்றியத்துக்குத் தொலைபேசி எடுத்தான்.

ஒன்றியத்தின் நிலைமையோ சிரிப்பாய்ச் சிரித்தது. தலைவர் செல்வரத்தினம், ஊரில் தர்மகர்த்தாவாக இருந்தவர், ஏழு பட அல்பங்களோடு ஏலக் கம்பனிக்குப் போயிருந்தார். அங்கேயிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் புரட்டினாள். எல்லாப் படத்திலும் அம்மன் இருந்தாள். பட்டுச்சேலை, சந்தனக்காப்பு, கழுத்துவரை மாலை. முகம் மட்டும் எட்டிப் பார்த்தது.

"சிலையைக் காணவில்லையே" என்றாள் அவள். "இடது கையில் என்ன வைத்திருக்கிறாள்?"

செல்வரத்தினம் தாமரை என்றார். செயலாளர் தில்லையம்பலம் கிளி என்றார். கூடப்போன இன்னொருவர் அபயகரம் என்றார். ஏலப் பட்டியலில் முகம் மட்டும்தான் இருந்தது, சிலையை அவர்களுக்கு இன்னும் காட்டவில்லை. நாற்பது வருடம் விழுந்து விழுந்து கும்பிட்டவர்கள் ஒருவருக்கும் தங்கள் அம்மனின் இடது கை தெரியாது. ஐயர் மட்டும்தான் திரைக்குப் பின்னால் அவளை வெறும் மேனியாகப் பார்த்தவர். அவரும் இடம்பெயர்ந்த இடத்திலேயே காலமாகிவிட்டார்.

அம்மனின் திருமேனி தனக்குத் தெரியும் என்று யோகலிங்கம் தொலைபேசியில் சொன்னதும் தில்லையம்பலம் துள்ளாத குறை. பிறகுதான் விசாரித்தார்.

"தம்பி ஆரின்ரை மகன்?"

யோகலிங்கம் தகப்பனின் பெயரைச் சொன்னான். ஆலங்குழியில் அவனுடைய ஆட்களுக்குக் கோயிலின் வெளிவீதி வரைக்கும்தான் அனுமதி. தேர்வடத்தைத் தொட்டதற்கு அவனுடைய மாமனுக்கு மண்டை உடைந்திருந்தது.

"அப்ப நீ எப்பிடி அம்மனைப் பாத்தனீ?" என்றார் தில்லையம்பலம். தம்பி அதற்குள் நீ ஆகிவிட்டது.

"ஆமி தூக்கச் சொன்னது ஐயா. நான்தான் தூக்கினனான்."

ஒன்றியம் அவசரமாகக் கூடியது. கோயிலுக்குள் போகக்கூடாதவன் மூலஸ்தானத்துக்குள் போயிருக்கிறான், அம்மனைத் தொட்டிருக்கிறான். இராணுவம் தொட்டது, வியாபாரி தொட்டது, சுங்கக்காரன் தட்டிப் பார்த்தது எதற்கும் வராத கோபம் இதற்கு வந்தது. மூன்று மணித்தியாலம் கத்தினார்கள். கடைசியில், ஏலத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது என்று யாரோ நினைவுபடுத்த, அவனைக் கூட்டிப்போவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள்.

ஏலக் கம்பனியில் யோகலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான், தில்லையம்பலம் ஆங்கிலமாக்கினார். இடது கையில் நீலோற்பல மொட்டு, அதன் நுனி உடைந்தது. முதுகில், வலது தோளுக்குக் கீழே, பெருவிரல் அளவில் ஒரு நெளிவு. பீடத்துக்கு அடியில் ஈயம் ஊற்றி அடைத்த ஓட்டை. "தோளிலை வைச்சுக் கொண்டுபோகேக்கை அந்த ஈயம்தான் என்ர கழுத்தைக் கீறினது" என்றான்.

கம்பனிப் பெண், சிலையைக் கவிழ்த்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. செல்வரத்தினமும் எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக.

"எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்றாள் அவள்.

யோகலிங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தான். இராணுவக் கப்டன் சட்டதிட்டம் பார்க்கிற ஆள். எடுத்த பொருளுக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்காவிட்டால் அவருக்கு நித்திரை வராது. 'உலோகப் பெண் ஒன்று, பாதுகாப்புக்காகப் பெறப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தார். யாரிடமிருந்து பெறப்பட்டது என்ற இடத்தில் ஒரு பெயர் வேண்டும். கைக்கெட்டிய தூரத்தில் ஊராள் ஒருவன்தான் நின்றான். அவனுடைய பெயரை எழுதினார். முத்திரை குத்திய கடதாசி சோதனைச்சாவடிக்கு உதவும் என்று யோகலிங்கம் அதைப் பத்திரமாக வைத்திருந்தான்.

ஏலம் நின்றது. வக்கீல்மார் நாலு மாதம் கடிதம் எழுதி விளையாடினார்கள். விற்க வந்தவர் பத்திரிகையில் பெயர் வந்துவிடும் என்று பயந்து மெல்லக் கழன்றார். கடைசியில் கம்பனி முடிவை அறிவித்தது. சிலை யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவரிடமே ஒப்படைக்கப்படும். பற்றுச்சீட்டில் இருக்கிற பெயர் யோகலிங்கம்.

செல்வரத்தினத்துக்கு இரத்த அழுத்தம் ஏறியது. யோகலிங்கம் அம்மனைக் கம்பளியால் சுற்றி, நோதேன் லைன் சுரங்க ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கடைக்கு மேலே ஒற்றை அறை. உடுப்புப் பெட்டிக்கு மேலே அவளை வைத்து, பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு, ஒன்றியத்துப் பெரியவர்களுக்குத் தகவல் அனுப்பினான். வந்து கொண்டுபோகட்டாம். தனக்கென்று வைத்துக்கொள்ளும் எண்ணம் அவனுக்கு மருந்துக்கும் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குச் செல்வரத்தினமும் தில்லையம்பலமும் படியேறி வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாசலிலேயே விழுந்து கும்பிட்டார்கள். தில்லையம்பலம் உண்மையாகவே அழுதார். யோகலிங்கத்துக்கும் கண் கலங்கியது. ஊரில் அவனுடைய படலைக்குள் காலெடுத்து வைக்காத மனிதர்கள் தன்னுடைய கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. காலையில் போய்ப் புதுக் கோப்பைகள் வாங்கி வைத்திருந்தான். இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தான்.

"எனக்குச் சீனி வருத்தம்" என்றார் செல்வரத்தினம்.

"சீனி போடேல்லை ஐயா."

"வயித்திலை புண்ணும் கிடக்கு."

தில்லையம்பலத்துக்குத் திடீரென்று விரதம் வந்துவிட்டது. என்ன விரதம் என்று அவருக்கே தெரியவில்லை.

யோகலிங்கம் கோப்பைகளைக் கீழே வைத்தான். "நல்லம். எப்ப கொண்டுபோறியள்?"

"இண்டைக்கே. வெஸ்ட் ஈலிங் கோயில் ஐயரோடை கதைச்சாச்சு" என்றார் தில்லையம்பலம். "முதல்லை பிராயச்சித்தம் செய்யவேணும். கண்டவன் நிண்டவன் எல்லாம் தொட்டிட்டான்தானே." சொல்லி முடித்த பிறகுதான் யாருடைய அறையில் இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

யோகலிங்கம் இரண்டு கோப்பைகளையும் அவர்களுக்கு அருகே தள்ளி வைத்தான்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ, அம்மனைக் கொண்டுபோங்கோ. நானே தூக்கிக் காரிலை வைச்சு விடுறன். குடிக்க ஏலாதெண்டால் அவ இஞ்சையே இருக்கட்டும்."

"உதென்ன கதை? ஊரின்ரை தெய்வம்."

"ஒரு மிடறு குடிச்சால் காணும்."

கீழே கடையில் யாரோ முருங்கைக்காய் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை" என்றான் யோகலிங்கம். செல்வரத்தினத்தை அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. "அண்டைக்கு அம்மனைக் கொண்டுபோக ஆறு ஆமிக்காரர் வந்தவங்கள். சரியான வெயில். எங்கட வீட்டை வந்து தண்ணி கேட்டவங்கள். அம்மா செம்பிலை குடுத்தவ. ஆறு பேரும் வாங்கிக் குடிச்சவங்கள்."

செல்வரத்தினம் அம்மனைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். கை கொஞ்சம் அசைந்ததுபோலவும் இருந்தது. பிறகு இரண்டையும் தொடாமல் எழுந்து, வாசலில் தன் சப்பாத்தைத் தேடினார்.