கருவாட்டுப் பரணில் சவுக்காரம்

மகள் காய்ச்சி வார்த்த முப்பது சவுக்காரக் கட்டிகளும் முற்றத்துக் கருவாட்டுப் பரணில் கிடந்தன. சிப்பி வடிவம், நட்சத்திர மீன் வடிவம். காலையில் பரப்பியபோது வடிவாகத்தான் இருந்தன. மத்தியானம் சிங்கராசா வந்து பார்க்கையில் வேர்த்து, விளிம்பு சுருண்டு, வெயிலில் மறந்துபோன திருக்கைத் துண்டுகள் போலக் கிடந்தன. ஒன்றை எடுத்து மூக்கடியில் பிடித்து மணந்தார். அசல் கருவாடு.

மகள் றோஸ்மேரி படித்துப் படித்துச் சொன்னவள். "நிழலில நாற்பது நாள் கிடக்கோணும் அப்பா. தொடாதேங்கோ." நாற்பது நாள் கிடக்க இதென்ன தவசுகாலமா? மீனே மூன்று நாளில் காய்கிறது. முப்பத்தெட்டாம் நாளிலும் அவருடைய விரலுக்கு ஈரமாகப் பட்டது. சனிக்கிழமை தலைமன்னார் விடுதிக்காரருக்குக் காட்ட வேண்டும். பிடித்தால் மாதாமாதம் எடுப்பார். இல்லாவிட்டால் அலுமாரிக்குள் இருக்கும் குவைத் வேலைக் கடதாசியில் அவள் கையெழுத்து வைப்பாள். மூன்று வருசம் யாரோ வீட்டுக் குசினியில் சமையல். அவள் போவது அவருக்கு விருப்பமில்லை. அதை அவளிடம் சொன்னதுமில்லை. சொல்வதற்குப் பதிலாகத்தான் சவுக்காரத்தை வெயிலில் தூக்கி வைத்தார்.

ரவுனுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தவள் வந்து பரணடியில் நின்றாள்.

"ஆர் எடுத்து வச்சது?"

"நான்தான். ஈரமாக் கிடந்தது."

கை ஒடிந்த நட்சத்திர மீனொன்றை எடுத்துப் பார்த்தாள். "கருவாடாக்கிப் போட்டியள்."

அவள் கத்தியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பார். அவள் உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

கை நாறியது. கிணற்றடிக்குப் போய், கெட்டதுதானே என்று சுருண்ட சிப்பியொன்றையே தேய்த்தார். அது உவர்க்கிணறு. கடைச் சவுக்காரம் அதில் திரைந்து திரைந்து போவதைத்தான் அறுபது வருசமாகக் கண்டவர். இது மணிக்கட்டுவரை நுரைத்தது. நம்பாமல் கழுவிவிட்டு மறுபடி தேய்த்தார். பிறகு வாளியோடு கரைக்கு இறங்கிக் கடல்தண்ணி அள்ளி வந்து அதிலும் தேய்த்தார். அதிலும் நுரைத்தது.

"பிள்ளை, இதுக்குள்ள என்ன எண்ணெய் விட்டனி?"

"தனித் தேங்காயெண்ணெய். ஏன், அதையும் காயப்போடப் போறியளோ?"

"சனிக்கிழமை நானும் வாறன்."

அவள் நம்பவில்லை. சனிக்கிழமை குவைத் கடதாசியைப் பைக்குள் வைத்துக்கொண்டே வந்தாள், திரும்பும் வழியில் ஏஜென்சிக் கந்தோரில் கொடுக்க.

விடுதிக்காரர் சாஹுல் ஹமீட் ஒன்றை மணந்து பார்த்துவிட்டுக் கதிரையைப் பின்னால் தள்ளினார். "என்னய்யா, மீன் வாடை?"

"மணக்கும். அது என்ர பிழை, பிள்ளையின்ரயில்லை. வடிவும் என்னாலதான் போனது." சிங்கராசா நின்றபடியே கேட்டார். "தம்பி, உங்கட பைப்பில வாறது என்ன தண்ணி?"

"உப்புத்தான். வாற ஆக்களெல்லாம் ஒரே முறைப்பாடு, குளிக்க நுரையே வருகுதில்லையெண்டு."

"அதில ஒரு பேசின் பிடிச்சுக் கொண்டாங்கோ."

பேசின் மேசைக்கு வந்தது. சாஹுல் ஹமீட் சட்டைக் கையை மடித்து, ஒடிந்த நட்சத்திர மீனை இரண்டு விரலால் தூக்கி, மனமில்லாமல் ஒருமுறை தேய்த்தார். கை நின்றது. பிறகு முழுக் கையாலும் பிடித்தார். அவர் தேய்த்துக்கொண்டேயிருந்தார். நுரை பேசின் விளிம்பில் ஏறி, மேசையில் வழிந்து, கடதாசியோடு அங்கே கிடந்த றோஸ்மேரியின் பைக்குக் கீழே மெல்லப் போனது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். பையை எடுக்கவில்லை.