ஒரு சாண் ஆணி

இம்கே பீன்ஸ் பறித்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ஹார்ம்ஸ் துணி உலர்த்திக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். படகுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காற்றோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை. அவர் முணுமுணுப்பது புதிதல்ல என்பதால் அவள் காது கொடுக்கவில்லை. கூடை பாதி நிறைந்தபோதுதான் விரல்கள் நின்றன. தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரிந்த அறுவடைப் பாட்டு அது. ஆனால் அவர் முணுமுணுத்தது மெட்டை அல்ல. மெட்டுக்கு அடியில், தனியாக யார் காதிலும் விழாமல் கனத்து நடந்துபோகும் கீழ்ச் சுரங்களை. வீட்டை மெச்சுகிறவர்கள் அஸ்திவாரத்தை மெச்சுவதில்லை; அந்தச் சுரங்களையும் யாரும் முணுமுணுப்பதில்லை, அதை வாசிப்பவர்களைத் தவிர. இந்த ஊரில் அதை வாசிப்பது ஒரே ஒரு ஆள், இம்கே.

மூன்றாவது வரியில் ஹார்ம்ஸ் ஒரு சட்டையைக் கையில் பிடித்தபடி நின்று, மூச்சை இழுத்துவிட்டுத் தொடர்ந்தார். மூச்சு எடுக்கக்கூடாத இடம் அது. இம்கே தினமும் தவறாமல் மூச்சு எடுக்கும் இடம்.

"ஹார்ம்ஸ், இந்தப் பாட்டை எங்க புடிச்சீங்க?" குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள்.

"உங்க தோட்டத்துலதான். அந்த மர வீடு சாயங்காலமானா முனகுதே. முதல்ல தேனீ கூடு கட்டிடுச்சுன்னு நெனச்சேன். உங்க வீட்டுக்காரர் ரெம்மர்கிட்ட சொன்னேன். தேனீ இல்ல, இம்கேன்னார்." கிளிப்பை வாயிலிருந்து எடுத்தார். "ஏன், நான் ஏதாவது சொல்லக்கூடாததச் சொல்லிட்டனா?"

"இல்ல இல்ல," என்றாள் இம்கே. கூடையை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்த மர வீட்டைக் கட்டியதே யாருக்கும் கேட்கக்கூடாது என்றுதான். டியூபா என்பது குழந்தையைப் போல மடியில் அணைத்து ஊத வேண்டிய பெரிய பித்தளை வாத்தியம். அதன் சத்தம் சுவரை மதிப்பதில்லை, தரை வழியாகவே போய்விடும். இம்கே அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கியதே நாற்பத்தெட்டு வயதில். தனியாக இருந்தால் நன்றாகவே வாசிப்பாள். யாரோ கேட்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் போதும், மூச்சு விலாவைத் தாண்டி இறங்காது. போன வருடம் அறுவடைத் திருநாளில், டியூபா மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய நான்கு வரிகளில், ஊரே பார்த்திருக்க மூச்சு பாதியில் அறுந்தது. அப்போது வந்த சத்தத்துக்கு முன்வரிசைக் குழந்தை ஒன்று கைதட்டிச் சிரித்தது. இம்கேவும் சிரித்தாள். கார் கதவைச் சாத்திய பிறகுதான் அழுதாள். இந்த வருடம் வாத்தியக் குழுத் தலைவி அன்பாகவே சொல்லியிருந்தாள்: "கஷ்டமா இருந்தா அந்த நாலு வரிய எடுத்துடலாம் இம்கே, யாரும் கவனிக்க மாட்டாங்க." அந்த அன்புதான் சுட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை திருநாள்.

மர வீட்டுக்கான திட்டம் அவள் கணவன் ரெம்மருடையது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன், எதையும் மில்லிமீட்டரில் யோசிப்பவன். அறைக்குள் இன்னொரு அறை, இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி, உள்ளறை ரப்பர் கால்களில் நிற்க வேண்டும், ஒன்றை ஒன்று எங்கேயும் தொடக்கூடாது. தொட்டால் அந்த வழியாகச் சத்தம் வெளியேறிவிடும். தொடக்கூடாது, தொடக்கூடாது என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்ததில் தச்சனான அவள் தம்பி ஹாயோ சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான்.

"அத்தான், கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்ககிட்ட சொன்ன மாதிரியே இருக்கு. அப்ப நீங்க கேட்டீங்களா?"

ஆனால் கூரைச் சட்டம் ஏறிய நாளில் விருந்து வைக்காவிட்டால் ஹாயோ அடுத்த பலகையைத் தொடமாட்டான். கோழிக்கூண்டானாலும் வழக்கம் வழக்கம்தான். பிர்ச் இலைகளில் வளையம் கட்டி, காகித நாடாக்கள் தொங்கவிட்டு உச்சியில் ஏற்றினான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏணியில் நின்று வீட்டை வாழ்த்தினான். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கண்ணாடிக் குவளையைக் கீழே எறிந்தான். அது சுக்குநூறாக உடைந்ததும் எல்லோருக்கும் நிம்மதி; உடையாமல் போனால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். கடைசி ஆணியை அடிக்க வேண்டியது வீட்டுக்காரி. குறி தவறும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பாட்டில் தர வேண்டும். அக்கா திண்டாடட்டும் என்றே ஹாயோ ஒரு சாண் நீளத்தில் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்திருந்தான். இம்கே ஒரு அடியும் தவறவிடவில்லை. ஆணி தலைவரைக்கும் இறங்கியது. மழைக்குப் பயந்து உள்ளறையின் சட்டத்தையும் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தார்கள் என்பது, கைதட்டிக்கொண்டிருந்த யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

தேநீர் மேசையில் ரெம்மர் வழக்கம்போல உட்கார்ந்தான். கோப்பையின் அடியில் கற்கண்டு சடசடவென்று விரிசல் விட்டது. அவள் மேலே பாலாடையை மிதக்கவிட்டாள். முதல் கோப்பை போனது, இரண்டாவதும் போனது. மூன்றாவது முடிந்ததும் அவன் போதும் என்பதற்கு அடையாளமாகக் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தான். இம்கே கரண்டியை எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடியும் ஊற்றினாள்.

ரெம்மர் நிமிர்ந்து பார்த்தான். இருபது வருடக் குடித்தனத்தில் அவள் இப்படிச் செய்ததில்லை.

"ஹார்ம்ஸ் என் பாட்டைப் பாடறார். என் தப்போட சேத்து."

ரெம்மர் அந்த நான்காவது கோப்பையை முழுதாகக் குடித்தான். "ஆணி," என்றான் கடைசியில். "விருந்தன்னிக்கு நீ அடிச்ச ஆணி. ரெண்டு கூரையையும் சேத்துப் புடிச்சிருக்கு. அது வழியாத்தான் வருது."

"எப்ப தெரியும்?"

"சந்தேகம் முதல் நாளே. ஆணின்னு ஒரு வாரம் கழிச்சு, கைய வச்சுப் பாத்தப்ப."

"முதல் நாள் நான் வெளிய வந்து கேட்டேன். ஈ பறக்கற சத்தம்கூட இல்லன்னு சொன்ன."

"சொன்னேன். நீ கதவத் தெறந்துக்கிட்டு வந்தப்ப உன் மூஞ்சிய நீ பாக்கல. நான் பாத்தேன். அந்த மூஞ்சிகிட்டப் போய் கேக்குதுன்னு எப்படிச் சொல்றது?" கோப்பையைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான். "அப்புறம்... கேக்கணும்னும் இருந்துச்சு எனக்கு. வீட்ல வாசிக்கறப்ப என்னைக் கடைக்குத் தொரத்திடுவ. நீ தனியா வாசிக்கறத நான் கேட்டதே இல்லியே."

இம்கேவுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. "அதனாலதான் தினமும் சாயங்காலம் மர வீட்டோரத்து முட்டைக்கோஸுக்குத் தண்ணி ஊத்தினியா?"

"ஆமா."

"மழை பெய்யறப்பகூட."

"அது எப்பவோ அழுகிப்போச்சு," என்றான் ரெம்மர் தலையைக் குனிந்தபடி.

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. கோபம் இன்னும் பாக்கி இருக்கும்போது சிரித்துவிட்டால் அது வீணாகிவிடும் என்று இம்கே எழுந்து பாத்திரம் கழுவினாள். முதுகைக் காட்டி நின்றபடியே சொன்னாள்: "என்கிட்டக் கேட்டிருக்கணும். உனக்குக் கேக்கணும்னா என்கிட்டக் கேட்டிருக்கணும்."

"முடியாதுன்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன். அது வேற விஷயம். போய் அதப் புடுங்கு. இப்பவே."

அவன் ஏணியையும் ஆணி பிடுங்கும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கூரை உச்சியில் காகித நாடாக்கள் வெளுத்துத் தொங்கின.

"நீ உள்ள வாசிச்சாத்தான் ஆணி போனதும் சத்தம் நிக்குதான்னு தெரியும்," என்றான் ரெம்மர், ஏணியிலிருந்து, அவளைப் பார்க்காமல். "இல்லன்னா ரேடியோவ வச்சுடு. உன் இஷ்டம்."

"கட்டி முடிச்ச அன்னிக்கு ரேடியோ வச்சுப் பாத்தப்பவே கேக்கலையே. அது என்ன சோதனை."

உள்ளே போய்க் கனத்த கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியுலகம் பஞ்சுக்குள் போனது போல அடங்கியது. டியூபாவை மடியில் ஏற்றிக்கொண்டாள். தலைக்கு மேலே ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தது. இத்தனை நாளும் சுவருக்கு வெளியே நின்றிருக்கிறான், மழையில் குடையும் இல்லாமல். அவள் அத்தனை நாளும் வாசித்துமிருக்கிறாள்.

கனத்த ஜன்னல் கண்ணாடி வழியாக ஏணியின் நடுப்படியும் ரெம்மரின் இரண்டு கால்களும் தெரிந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் ஹார்ம்ஸ் கடைசிச் சட்டையைக் கொடியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து தண்ணீர் அவர் செருப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

இம்கே நான்கு வரிகளைத் தொடங்கினாள். முதல் சுரத்திலேயே மூச்சு விலாவில் முட்டியது. நிறுத்திவிட்டு, மறுபடி எடுத்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. ஏணியில் கால்கள் அசையவில்லை. மூன்றாவது வரியில் அந்த இடம் வந்தது. வேலிக்கு அப்பால் ஹார்ம்ஸின் மார்பு பழக்கத்தில் உயர்ந்து இறங்கியது. இம்கேவின் சுரம் நிற்காமல் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

முடித்துவிட்டு வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, ஆணி கிறீச்சிட்டு வெளியே வரும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. கண்ணாடிக்கு மேல்விளிம்பில் கடப்பாரையின் நுனி மட்டும் எட்டிப் பார்த்தது. அவன் கையில் அது சும்மா தொங்கிக்கொண்டு, காற்றுக்கு ஆடுவது போல மெல்ல ஆடியது. இம்கே உதடுகளை நனைத்துக்கொண்டு டியூபாவை மறுபடியும் நிமிர்த்தினாள்.