பம்பருக்கு இணங்கிய கார்

அளவு ஆய்வாளரின் கார் முதல்முறை சுருங்கியபோது சரியாக நான்கு அங்குலம் சுருங்கியது. முன் பம்பர் எவ்வளவு குறைவாக வந்திருந்ததோ அவ்வளவு. ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஷெட்டை மூடும்போது பம்பரின் இரண்டு முனைகளும் மட்கார்டுகளை எட்டாமல், உயரம் பத்தாதவன் பரணில் கைவிட்டுத் துழாவுவதுபோல் நின்றன. புதன்கிழமை காலையில் திறந்து பார்த்தால், கார் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் உள்ளே வாங்கிக்கொண்டு, பம்பரை அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு நின்றது. தகரத்தில் ஒரு மடிப்பு இல்லை, தரையில் ஒரு தடம் இல்லை. ஆய்வாளர் கையிலிருந்த டீயைக் குடித்து முடித்துவிட்டு, டேப்பை நீட்டி அளந்து, “பார்த்தியா, சரியாத்தான் அனுப்பியிருக்கான்” என்று மனைவியிடம் சொன்னார்.

ஆய்வாளர் முப்பத்து நான்கு வருடம் எடை அளவுத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய ஜீப் தெருமுனையில் திரும்பினாலே கடைத்தெருத் தராசுகள் தாமாக நேராகிவிடும் என்று சொல்வார்கள். சொல்பவர்களில் அவரே முதல் ஆள். ஒரு லிட்டரில் ஒரு மூடி எண்ணெய் குறைந்ததற்காகக் கடையைப் பூட்டவைத்தவர். தன் கல்யாணப் படத்தின் சட்டம் கால் அங்குலம் கோணல் என்று போட்டோக்காரரிடம் எழுதி வாங்கியவர். ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் ஒப்படைத்திருக்க வேண்டிய வட்ட முத்திரை ஒன்று மறதியாக அவர் பையில் வந்துவிட்டது. ‘அளவு சரியாக உள்ளது’ என்று அதில் பொறித்திருக்கும். எத்தனையோ வருடமாகியும் அந்த மறதி அவருக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

கார் அவருடையதல்ல, மாமனாருடையது. மாமனார் போனபிறகு வீடு மூத்தவளுக்கு, கார் இளையவளான ஆய்வாளரின் மனைவிக்கு என்று அக்காளும் தங்கையும் சமையலறையில் நின்றபடியே ஐந்து நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய விஷயம் டேப் இல்லாமல் முடிந்துபோனதை ஆய்வாளரால் பொறுக்க முடியவில்லை. வீட்டை அறை அறையாக அளந்தார். வீட்டுக்கும் காருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சதுர அடியில் சொன்னார். கடைசியில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்த மூத்தவளைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லி, அவள் தள்ளாததால் அவளையும் சேர்த்து அளந்தார். மூத்தவள் டேப்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தாள். அதன்பிறகு பதினொரு வருடம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கார் ஷெட்டில் கிடந்து துருப்பிடித்தது. அந்தக் குடும்பத்தில் அந்தப் பதினொரு வருடமும் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அந்தத் துரு ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வருடம் மூத்தவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ‘அப்பா காரை ஒருதரம் பார்க்கணும். அதுல ரெண்டு பேரும் வாங்க. நீ மட்டும் வந்தாலும் சரி, பஸ்ல வந்தாலும் சரி, உள்ளே விடமாட்டேன்.’ ஆய்வாளரின் மனைவி அதைப் படித்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் இருபத்தாறு வருடம் சொல்லிக்கொடுத்தவள். ஊரில் பாதிப் பேருக்கு இடதுகால் கிளட்சுக்கு என்று அவள் சொல்லித்தான் தெரியும்; சந்திப்பில் நிற்கும் போலீஸ்காரர்கூட அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். ஆய்வாளருக்கு ஓட்டத் தெரியாது. ஜீப்புக்கு டிரைவர் இருந்த காலத்திலேயே, ஓட்டுவது ஒரு வேலை, பின்னால் உட்காருவது ஒரு பதவி என்று அவர் பிரித்துவைத்திருந்தார். காரைச் சரிசெய்வதை அவளிடமே விட்டிருந்தால் ஒரே மாதத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடி முடித்திருப்பாள். “பார்ட்ஸ் வாங்கறது அளவு சம்பந்தப்பட்ட விஷயம். அது உனக்கு வராது” என்று அவர் எடுத்துக்கொண்டார்.

அந்தக் காருக்கு உதிரிபாகம் செய்வதை அதன் கம்பெனி நிறுத்தி நாற்பது வருடமாகிறது. இப்போது நகல் செய்து விற்கிற ஒரு கம்பெனி இருந்தது. அதன் விலைப்பட்டியல் வழவழப்பான காகிதத்தில், ‘அசலை மிஞ்சிய அசல்’ என்ற பொன்னெழுத்தோடு வந்தது. பட்டியலில் இருந்த படங்களெல்லாம் உண்மையிலேயே அசல் பாகங்களின் படங்கள். அந்தக் கம்பெனி ஒழுங்காக உருவாக்கியது அந்தப் படங்களை மட்டும்தான். பம்பர் வந்து இறங்கியதும், கார் வேலைக்கு அமர்த்தியிருந்த மெக்கானிக் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எந்நேரமும் கையில் ஒரு அரத்தோடு திரிவதால் ஊரில் அவருக்கு அரம் என்றே பெயர்.

“சார், இது நாலு இஞ்ச் கம்மி.”

“அளவைப் பத்தி எனக்கே சொல்றியா?”

“நான் சொல்லலை சார், பம்பர் சொல்லுது. ரெண்டு பக்கமும் துண்டு வச்சு வெல்டு பண்ணித் தரேன், கண்ணுக்கே தெரியாது.”

ஒட்டுப்போட்டால் குறைவு இருந்தது என்றாகிவிடும். பம்பரோடு கம்பெனி ஒரு சீட்டு வைத்திருந்தது: அளவு சரியாக இருந்தால் கையெழுத்திட்டு அனுப்பவும், இல்லையென்றால் காரணம் எழுதி அனுப்பவும். ஆய்வாளர் பேனாவைத் திறந்து காரணம் என்ற கோட்டின்மேல் வெகுநேரம் வைத்திருந்தார். அளவு ஆய்வாளரை ஒருவன் அளவிலேயே ஏமாற்றிவிட்டான் என்று சொல்லும் ஒரு காகிதம் உலகத்தில் எங்கேயோ ஒரு கோப்பில் இருக்கும். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது அல்லவா. பையிலிருந்து வட்ட முத்திரையை எடுத்து, ஊதி, ‘அளவு சரியாக உள்ளது’ என்று அழுத்தினார். மறுநாள் காலையில்தான் கார் முத்திரைக்குக் கட்டுப்பட்டு உள்ளே வாங்கியிருந்தது. அரம் காரை இரண்டு சுற்று சுற்றிவந்து, “நான் பார்த்ததுலயே நல்ல சுபாவமுள்ள வண்டி இதுதான் டீச்சர்” என்று மட்டும் சொன்னார். மாட்டுவதற்கு ஒன்றுமில்லாததால் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

அடுத்தடுத்து வந்தவையும் அப்படித்தான். பானட் மூன்று அங்குலம் குறைவு. முத்திரை விழுந்தது, கார் மூன்று அங்குலம் ஒடுங்கியது. ஹாரன் அடித்தால் பெரியவர் ஒருவர் தொண்டையைக் கனைப்பதுபோல இருந்தது. அதுவும் சரியாக இருப்பதாகச் சான்று பெற்றது. பின்சீட்டின் சட்டம் குழந்தைக்குச் செய்ததுபோல வந்து, பின்னால் இரண்டு பெட்டி மட்டும் வைக்கலாம் என்றாயிற்று. டாஷ்போர்டு கடிகாரத்தில் பதினொரு எண்களே இருந்தன. அதற்கும் முத்திரை விழுந்ததிலிருந்து காருக்குள் பன்னிரண்டு மணி வருவதே இல்லை. பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவர் அடுத்த நிமிஷம் ஒருமணிப் பசியோடு வெளியே வருவார். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு நாள் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, டயட்டில் இருப்பவருக்கு ஆகாது என்று விட்டுவிட்டார். குரோம் பூச்சு மட்டும் வெங்காயத்தோல் மாதிரி உரிந்துகொண்டே இருந்தது. முத்திரையில் அளவு பற்றித்தான் இருந்ததே தவிர பூச்சு பற்றி ஒன்றுமில்லை.

கம்பெனிக்கு வாழ்நாளில் முதல்முறையாக நற்சான்று கிடைத்திருந்தது, அதுவும் துறை முத்திரையோடு. அதைப் பட்டியலின் முதல் பக்கத்திலேயே அச்சடித்தார்கள். அதே மாதிரிக் கார் வைத்திருந்த மற்றவர்கள் பம்பர் குறைகிறது என்று தொலைபேசியில் கத்தினால், “அங்கே ஆய்வாளர் சாருக்குச் சரியா இருக்கே. உங்க கார்தான் பெருத்துப் போச்சு போல” என்று பதில் கிடைத்தது. அப்படி ஏமாந்த பல் டாக்டர் ஒருவர் சொந்த டேப்போடு நேரிலேயே வந்தார். ஆய்வாளரின் பம்பரைக் காரோடு வைத்து மூன்றுமுறை அளந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, கண் கலங்க, தன் காரைத்தான் யாரோ இழுத்துவிட்டிருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு போனார். அவர் முதுகைப் பார்த்து நின்ற ஆய்வாளருக்கு முதல்முறையாக நெஞ்சில் ஏதோ உறுத்தியது. வாயு என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தது முன் கண்ணாடி. ஒன்பது அங்குலம் குறைவு. அரம் அதைச் சுவரில் சாய்த்துவைத்தார். டீச்சர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, முன்சீட்டை ஒரு பார்வை, கண்ணாடியை ஒரு பார்வை, கணவரை ஒரு பார்வை பார்த்தாள். கற்றுக்கொள்ள வருகிறவன் பிரேக் எது ஆக்ஸிலேட்டர் எது என்று யோசிக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

“ஏங்க, இதுக்கு மட்டும் சரியில்லன்னு எழுதிடுங்க. ஒன்பது அங்குலம் போச்சுன்னா உங்களுக்கு உக்கார இடமிருக்காது.”

“எழுதினா முன்னாடி எழுதினதெல்லாம் பொய்னு ஆயிடாதா?”

“ஆகட்டுமே. யாருக்குத் தெரியாது?”

“யாருக்குமே தெரியாது” என்றார் ஆய்வாளர். அரம் அவசரமாக ஸ்பானரைத் தேடப் போனார்.

முத்திரை விழுந்தது. வியாழக்கிழமை காலையில் கார் முழுதாகத் தயாராகி, கண்ணாடி பளபளக்க, ஒரு நல்ல அலமாரியின் அகலத்தில் நின்றது. முன்சீட்டு முப்பது அங்குலம். ஸ்டீயரிங் முன்னால் டீச்சர் உட்கார்ந்தபின் பாக்கி பதினான்கு. ஆய்வாளர் உட்கார்ந்தால் இருபத்து மூன்று வேண்டும். பக்கவாட்டில் நுழைந்து பார்த்தார், பின்வாக்கில் நுழைந்து பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்து அரத்தைத் தள்ளச் சொன்னார். அரம் தோளைக் கொடுத்துத் தள்ளியதில் காரின் அந்தப் பக்கக் கதவு திறந்து டீச்சர் வெளியே வந்துவிட்டாள். அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போய், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

“அக்காவுக்கு வரமுடியலன்னு எழுதிப் போடுங்க. ஏன் முடியலன்னும் நீங்களே எழுதுங்க. எனக்கு எழுத ஒண்ணுமில்ல.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆய்வாளருக்கு அதுதான் பயமாக இருந்தது. மூன்று நாள் அந்த மேஜையில் உட்கார்ந்தார். சாலை சரியில்லை என்று எழுதினார். போன மாதம்தான் போட்ட சாலை. உடம்பு சரியில்லை என்று எழுதினார். இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கார் ஓடவில்லை என்று எழுதும்போது ஷெட்டில் டீச்சர் இஞ்சினைப் போட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள், சீராக ஓடியது. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகலில், கசக்கி எறிந்த தாள்கள் முழங்கால்வரை வந்தபின், மேஜையைவிட்டு எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். டீச்சர் காருக்குள் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் காலியாக இருந்த பதினான்கு அங்குலத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிவந்து ஒரே மூச்சில் எழுதினார்: ‘பம்பர் நான்கு அங்குலம் குறைவு. பானட் மூன்று. கண்ணாடி ஒன்பது. கடிகாரத்தில் ஓர் எண் இல்லை. வந்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் முத்திரை போட்டேன். அன்றைக்கு அடுப்படியில் உங்களை அளந்ததும் தேவையில்லாத வேலை. இதனால் வரமுடியவில்லை.’ பழக்கதோஷத்தில் கை முத்திரையைத் தேடியது. வேண்டாமென்று மடித்து உறையில் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் தபால்பெட்டிக்குப் போகச் சட்டையை மாட்டினார். சட்டை தோளில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்தது. வேட்டியைக் கட்டினால் இரண்டு சுற்று அதிகமாக வந்தது. உயரத்தில் மாற்றமில்லை, முகமும் அதே முகம்தான், மீசை மட்டும் இரண்டு பக்கமும் முகத்தைத் தாண்டி நின்றது. டீச்சர் அவரைச் சுவரோரம் நிற்கவைத்து அவர் டேப்பாலேயே அளந்தாள். பதினான்கு அங்குலம். முன் கண்ணாடியில் குறைந்த அதே ஒன்பது அங்குலம் இவரிலும் குறைந்திருந்தது.

“வலிக்குதா?”

“இல்ல. கொஞ்சம் காத்தோட்டமா இருக்கு.”

“அப்ப தபாலுக்கு எதுக்கு, கையிலயே குடுத்துடலாம்” என்று அவள் உறையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அரம் விஷயம் கேள்விப்பட்டு வந்து, ஆய்வாளரைக் கதவு வழியாக உள்ளே விட்டுப் பார்த்தார். அராவவேண்டிய அவசியமில்லாமல் ஒரு பாகம் உட்கார்ந்ததைப் பார்க்கிற தொழில்காரரின் திருப்தியோடு கதவைச் சாத்தினார். வழியில் பார்த்தவர்கள் சர்க்கரையா என்று விசாரித்தார்கள். சந்திப்பில் நின்ற போலீஸ்காரர் டீச்சருக்கு வணக்கம் சொல்லி, இந்த அகலத்துக்கு இதை நான்கு சக்கர வண்டியில் சேர்ப்பதா இரண்டு சக்கரத்தில் சேர்ப்பதா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்னால் லாரி நிற்கவே போகச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணிக்கு அவர்கள் எங்கே இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு ஆற்றுப் பாலத்தின்மேல் இருந்தார்கள். அதற்கடுத்த நிமிஷம் மூத்தவளின் தெருவுக்குள் ஒருமணிப் பசியோடு நுழைந்துகொண்டிருந்தார்கள்.

ஹாரனின் கனைப்பைக் கேட்டு, யாரோ பெரியவர் வந்திருக்கிறார் என்று மூத்தவள் வெளியே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கேட்டுக்கு உள்ளேயே நின்று காரைப் பார்த்தாள், உள்ளே தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தாள். டீச்சர் கம்பிகளுக்கு இடையில் உறையை நீட்டினாள். மூத்தவள் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்து, உதடு அசையப் படித்தாள். அடுப்படி வந்த இடத்தில் சற்று நின்று, முதலிலிருந்து இன்னொருதரம் படித்தாள். ஆய்வாளர் மடியில் கையை வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். கேட்டின் அகலம் பத்தடியா பதினொன்றா என்று அவர் கணக்கிடவில்லை.

“உன் வீட்டுக்காரர் பாதியாயிட்டாரே” என்றாள் மூத்தவள் தங்கையிடம்.

“வீட்டுல எழுதற வேலை ஜாஸ்தி, அக்கா.”

“அப்பா கார்கூட இளைச்சிருக்கு.”

“ரெண்டும் ஒரே வாரத்துல.”

மூத்தவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கடிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். பிறகு கேட்டின் இரண்டு கதவுகளில் ஒன்றை மட்டும் திறந்து, ஓரமாக நின்று வழிவிட்டாள். கார் எதிலும் உரசாமல் உள்ளே போனது.