நம்மூர்ச் சத்தத்தின் வேகம்

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில், 1979ஆம் வருஷம், சத்தம் விஞ்ஞானத்தை மீறி ஓடியது. அதைக் கண்டுபிடித்தவர் அந்த ஊர் உயர்நிலைப்பள்ளியின் விஞ்ஞான வாத்தியார் குழந்தைவேல். பாவம், அவர் தேடியது வேறு: வேலை நிரந்தரம். இரண்டு வருஷமாகத் தற்காலிகம். பள்ளிக் கமிட்டித் தலைவர் அப்புசாமி கையெழுத்துப் போட்டால் வாத்தியார். போடாவிட்டால் ராசிபுரத்தில் நெசவுக்கார அண்ணன் அவருக்காகக் காலியாகவே வைத்திருக்கும் தறிக்குழி.

பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்கு வரும் கல்வி அதிகாரியை அசத்த ஒரு சோதனை வேண்டும் என்றார் தலைவர். குழந்தைவேல் செலவில்லாத ஒன்றைச் சொன்னார். புதுத் தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் கல்லருகே கோயில் வேட்டுக்காரர் மணியன் வேட்டுப் போடுவார். அடுத்த கல்லருகே ஸ்டாப் வாட்சோடு நிற்க வேண்டும். புகை தெரிந்ததும் அமுக்கு; சத்தம் கேட்டதும் நிறுத்து. ஆயிரம் மீட்டரை அந்த நொடிகளால் வகுத்தால் வேகம்.

ஒத்திகையில் இரண்டரை நொடி வந்தது. அதாவது நொடிக்கு நானூறு மீட்டர். அந்த வெயிலுக்கு முன்னூற்றைம்பதுதான் வர வேண்டும். காற்றின் வேலையோ என்று மணியனும் அவரும் கல் மாற்றி நின்று பத்து வேட்டுப் போட வைத்தார். அதே இரண்டரை.

"மருந்து தீந்துபோச்சுங்க சாமி. மாரியாத்தாளுக்கே நான் இத்தன போட்டதில்லீங்க," என்றார் மணியன்.

குழந்தைவேல் சைக்கிள் சக்கரக் கம்பியில் துணி கட்டி, கல்லுக்குக் கல் உருட்டிச் சுற்றுகளை எண்ணினார். எண்ணூற்று எழுபத்தைந்து மீட்டர். சத்தம் ஒழுங்காகத்தான் ஓடியிருந்தது. கிலோமீட்டர்தான் நூற்றிருபத்தைந்து மீட்டர் குட்டை. ரோடு காண்ட்ராக்ட் எடுத்தவர் தலைவர்.

"தலைவரே, கல்லக் கொஞ்சம் கிட்டக்க நட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க."

"ஏனுங்க வாத்தியாரே, கல்லுக்கு எஞ்சினீயர் கையெழுத்துப் போட்டிருக்காரு. உங்க சத்தத்துக்கு ஆரு போட்டிருக்கறா?"

"கல்லத் தாண்டி நூத்தியிருவத்தஞ்சு மீட்டர் தள்ளி நின்னுக்கலாமுங்க."

"ஏன் தள்ளி நிக்கறீங்கன்னு அதிகாரி கேட்டா? நம்மூர்க் காத்து வேகமுன்னு சொல்லுங்க. உங்க ஆர்டரு மேச மேலதான் இருக்குது."

கண்காட்சியன்று தலைவர் ஜரிகைத் துண்டோடு முக்கால் மணி நேரம் விஞ்ஞானத்தை வாழ்த்தினார். பிறகு ரோட்டில் அதிகாரியே வாட்சை அமுக்கினார். இரண்டரை.

"நானூறா? எப்படிங்க?" என்றார் அதிகாரி.

குழந்தைவேல் தலைவரைப் பார்த்தார். தலைவர் சட்டைப்பையைத் தட்டிக்காட்டினார். உள்ளே ஆர்டர்.

"நம்மூர்க் காத்து... கொஞ்சம் வேகமுங்க."

போன வாரம்தான் அவரிடம் சத்தத்தின் வேகம் பாடம் படித்த பத்தாம் வகுப்பு மொத்தமும் சிரித்தது. அதிகாரி பார்வையாளர் புத்தகத்தில் எழுதினார்: 'விஞ்ஞான ஆசிரியருக்கு அளவெடுக்கத் தெரியவில்லை.'

மறுநாள் தலைவர் அந்தப் பக்கத்தை விரித்துவைத்து, மெய்யாகவே வருத்தப்பட்டார்.

"பேனாவத் தொறந்துட்டேனுங்க வாத்தியாரே. அதுக்குள்ள இப்படி எழுதிப்போட்டாரே! அளக்கத் தெரியாதவர வெச்சுக்கிட்டா ஊரு என்னையச் சொல்லாதுங்களா?"

குழந்தைவேல் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கல்லுப்படி மூன்று கிலோமீட்டர். நடந்த காலுக்கு முன்னூற்று எழுபத்தைந்து மீட்டர் மிச்சம். இரண்டு வருஷத்துக்கு அந்த ஊர் அவருக்குக் கொடுத்தது அது ஒன்றுதான்.